சொந்தக் காடு கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான். குடும்பச் சொத்தாகப் பத்து ஹெக்டேர் அளவில் ஒரு காடு கைக்கு வந்திருக்கிறது. இருபது வருடங்களாக யாரும் கவனிக்கவில்லை. மரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, சிலவற்றின் உச்சி காய்கிறது, ஓரங்களில் புதர் ஏறி வருகிறது. மர வியாபாரி ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுற்றளவுக்கு மேல் பருத்ததை எல்லாம் நான் வெட்டிக்கொள்கிறேன், சின்ன மரங்கள் வெளிச்சம் பட்டு மேலே வந்துவிடும்" என்கிறார். உறவினர் ஒருவரோ, "காட்டைத் தொடாதே, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வியாபாரி பேச்சைக் கேட்க வேண்டாம். உறவினர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதைப் பின்னால் சொல்கிறேன். வெட்டி முடித்த மறுநாள் காட்டில் எந்த மரங்கள் நிற்கின்றன, அவற்றின் காலடி மண் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும். அதனால் இந்த வருடம் ஒரு மரத்தையும் விற்காதீர்கள். ஒரு முழு வருடம், மழைக்காலமும் வறண்ட காலமும், காட்டுக்குள் நடந்து பாருங்கள். மரத்துக்கு அவசரம் இல்லை. அவசரம் எல்லாம் வாங்க வருகிறவருக்குத்தான்.

முதலில் அந்தச் சுற்றளவுக் கணக்கு. நான் பார்த்தவரை தனியார் காடுகளை அதிகம் கெடுத்தது இந்த ஒரு யோசனைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பருத்தது வயதானது, ஒல்லியானது இளையது. வயதானதை எடுத்தால் இளையதுக்கு இடம் கிடைக்கும். பல வயது மரங்கள் கலந்து நிற்கும் காட்டில் இது ஓரளவு எடுபடலாம். ஆனால் ஒருகாலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட நிலத்திலோ, எரிந்த நிலத்திலோ, கைவிட்ட வயலிலோ எழுந்த காட்டில் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுதான். வரிசை பிடித்து நட்ட காடு என்றால் சொல்லவே வேண்டாம். அங்கே ஒல்லியாக நிற்பது இளைய மரம் இல்லை. பருத்த மரத்தோடு அதே ஆண்டில் முளைத்து, வெளிச்சத்துக்கான போட்டியில் பின்தங்கிப்போனது.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். எப்படியும் சாகப்போகிற ஒரு ஒல்லி மரத்தை அடியோடு அறுத்து, வெட்டு முகத்தை இழைத்து, தண்ணீர் தடவிப் பாருங்கள். நடுவில் சில வளையங்கள் அகலமாக இருக்கும். அது கன்றாக இருந்தபோது வெளிச்சம் கிடைத்த காலம். பிறகு வளையங்கள் நெருங்க ஆரம்பிக்கும். பட்டைக்கு அருகே வந்தால் லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது. மொத்தத்தையும் எண்ணினால் பக்கத்தில் நிற்கும் இரண்டு மடங்கு பருமனான மரத்தின் வயதேதான் வரும். மரத்தைச் சாய்க்காமலே பார்க்க வேண்டுமென்றால், 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் பிரெஸ்லர் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய துளைக்கருவி இருக்கிறது. பென்சிலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சியை உள்ளிருந்து உருவி எடுத்துத் தரும். வெப்ப மண்டலத்தில் பல இனங்களுக்கு வளையம் தெளிவாக விழாது, தேக்கு மாதிரிச் சிலவற்றுக்கு விழும். விழாத இடத்தில் அந்த நிலத்தின் பழைய கதையை அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எப்போது வெட்டினார்கள், எப்போது எரிந்தது, எப்போது மேய்ச்சலை நிறுத்தினார்கள் என்று.

சரி, பருத்ததை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பல வருடம் நிழலில் நின்ற ஒல்லி மரத்துக்குத் தலை சிறுத்துப்போயிருக்கும். வெளிச்சம் வந்தாலும் அதைப் பிடிக்க இலை போதாது. சில இனங்கள் தாக்குப்பிடித்து எழும். பல இனங்கள் அப்படியே தேங்கி நிற்கும், அல்லது அடுத்த புயலில் சாயும். அதோடு, சுற்றளவுக் கணக்கில் வெட்டுகிறவர் கோணல் மரத்தையும் பொந்து விழுந்த மரத்தையும் எடுக்க மாட்டார், அதில் அவருக்குக் காசு இல்லை. ஆக, நேரான, ஆரோக்கியமான, விதை தரக்கூடிய மரங்கள் வெளியே போய், தோற்றதும் நோஞ்சானும் உள்ளே தங்கும். நல்ல கதிரை எல்லாம் தின்றுவிட்டுப் பதரை விதைக்கு எடுத்து வைக்கிற வேலை இது. இரண்டு முறை இப்படி வெட்டிய காட்டில் விற்கவும் ஒன்றும் இருக்காது, விதைக்கவும் நல்ல தாய்மரம் இருக்காது.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். விட்டுவைக்கப்போகிற மரங்களை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரு ஹெக்டேருக்கு ஐம்பதிலிருந்து நூறு போதும். நூறு என்றால் ஏறத்தாழ பத்து மீட்டருக்கு ஒன்று. தேர்ந்தெடுக்கும்போது அடிமரத்தைப் பார்க்கிற பழக்கத்தை விட்டு, அண்ணாந்து தலையைப் பாருங்கள். மரத்தின் மொத்த உயரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது பச்சையாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த மரத்துக்குச் சாப்பாடு தயாரிக்க இலை பற்றவில்லை என்று அர்த்தம். அப்புறம் கவட்டை. இரண்டு கிளைகள் அகலமாக விரிந்து பிரிந்தால் உறுதி. குறுகலாக ஒட்டிப் பிரிந்து நடுவில் பட்டை மடிந்து உள்ளே போயிருந்தால் ஒருநாள் காற்றில் பிளக்கும். அடிமரத்தில் தட்டுப் பூஞ்சை முளைத்திருக்கிறதா, பட்டை உரிந்த பழைய காயம் இருக்கிறதா, அடியில் மண் வெடித்து வேர் தூக்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரே இனத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். காட்டில் அரிதாக இருக்கும் இனத்தின் மரம் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட அதைப் பட்டியலில் சேர்ப்பேன்.

தேர்ந்த மரத்துக்கு ஒரு நிறத்தில் வளையம் போட்டுவிட்டு, அதன் தலையோடு முட்டிக்கொண்டிருக்கும் மரங்களை மட்டும் எடுக்கலாம். முட்டாத மரம், நிழலுக்கு அடியில் நிற்கும் குட்டை மரம் எதுவும் அதற்குப் போட்டி இல்லை, அவை நிற்கட்டும். அடிமரத்தில் வெயில் நேராகப் படாமல் காப்பதும் அவைதான். இதுதான் நெருக்கத்தைக் கலைத்துவிடுவது.

எவ்வளவு கலைப்பது? இதற்கு ஓர் அழகான கருவி இருக்கிறது, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 2 செ.மீ அகலமுள்ள ஓர் அட்டைத் துண்டை 1 மீட்டர் நீளக் குச்சியின் முனையில் ஒட்டுங்கள். மறுமுனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, காட்டுக்குள் ஓரிடத்தில் நின்று மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்புங்கள். ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையைவிட அகலமாகத் தெரிகிற மரங்களை மட்டும் எண்ணுங்கள். சரியாக அட்டை அளவே தெரிவதை அரை என்று வையுங்கள். அந்த எண்ணிக்கைதான் ஒரு ஹெக்டேரில் உள்ள அடிமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மீட்டரில். 32 மரம் எண்ணினால் ஹெக்டேருக்கு 32 சதுர மீட்டர். நாடாவால் ஒரு மரத்தைக்கூட அளக்காமல் இந்த எண் கிடைத்துவிடுகிறது! ஆஸ்திரிய வனவியலாளர் வால்ட்டர் பிட்டர்லிக் 1948இல் வெளியிட்ட முறை இது, இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. காட்டில் பத்துப் பதினைந்து இடங்களில் நின்று எண்ணிச் சராசரி எடுங்கள். எது அதிகம், எது குறைவு என்பது இனத்தையும் மண்ணையும் பொறுத்தது, அதை உங்கள் பகுதி வனவியலாளரிடம் கேட்க வேண்டும். ஆனால் ஒரே முறையில் அந்த எண்ணில் கால் பங்குக்கு மேல், மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 32 இருந்தால் 24க்கு இறக்கிவிட்டு நிறுத்துங்கள். ஐந்தாறு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு நிதானம் என்றால், நெருக்கத்தில் வளர்ந்த மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் காற்றைத் தாங்குகின்றன. மரத்தின் உயரத்தை விட்டத்தால், இரண்டையும் ஒரே அலகில் வைத்து, வகுத்துப் பாருங்கள். 20 மீட்டர் உயரம், 20 செ.மீ விட்டம் என்றால் 100. எண்பதைத் தாண்டினாலே கவனம் வேண்டும்; நூறை நெருங்கும் மரத்தைச் சுற்றி ஒரேயடியாகத் திறந்துவிட்டால், குறிப்பாக ஊசியிலைக் காட்டில், அடுத்த பெருங்காற்றில் வரிசையாகப் படுத்துவிடும். மெதுவாகத் திறந்தால் மரம் அடியில் பருத்து, வேரைப் பலப்படுத்திக்கொள்ளும்.

இனி உச்சி காய்கிற மரங்கள். எல்லோரும் பயப்படுகிற இடம் இதுதான். பூச்சியைத் தேடுவதற்கு முன் மரங்கள் காய்கிற போக்கைப் படிக்க வேண்டும். காய்வது ஒரே இனமா, பல இனங்களா? பல இனங்கள் ஒரே நேரத்தில் வாடினால் பூச்சியை விட்டுவிட்டு நிலத்தைப் பாருங்கள்: வறட்சி, நீர் தேங்கல், மேலே புதிதாகப் போட்ட சாலை மறித்த ஓடை, பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி, வண்டி ஓடி இறுகிய மண். ஒரே இனம் மட்டும் வாடினால் நோயையோ பூச்சியையோ சந்தேகிக்கலாம். அடுத்து, மரத்தில் எந்தப் பகுதி? கீழ்க்கிளைகள் நிழலில் காய்வது இயல்பு, கவலை வேண்டாம். உச்சியில் தொடங்கிக் கீழிறங்கினால் பெரும்பாலும் வேரிலோ தண்ணீரிலோ கோளாறு. கடைசியாக, எப்படிப் பரவுகிறது? செத்த மரங்கள் ஒரு வட்டமாகவும், அந்த வட்டம் வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டும் போனால் வேர்ப்பூஞ்சை.

வேர்ப்பூஞ்சைகளில் அதிகம் தென்படுவது ஆர்மில்லாரியா. காய்ந்துகொண்டிருக்கும் மரத்தின் அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், பட்டையைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெள்ளையாக, விசிறி விரித்த மாதிரி ஒரு படலம். மூக்கருகே கொண்டுபோனால் காளான் வாசனை. சுற்றிலும் மண்ணில் ஷூ நாடா போலக் கறுத்த இழைகள் ஓடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மல்ஹூர் காட்டில் இந்தப் பூஞ்சையின் ஒரே உயிர் ஏறத்தாழ 965 ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்கடியில் பரந்திருக்கிறது. ஆகவே இதை ஒழித்துக்கட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம். பல காடுகளில் இது சத்தமில்லாமல் இருக்கவே செய்கிறது. வறட்சியிலோ நெருக்கத்திலோ மெலிந்த மரத்தைத்தான் பெரும்பாலும் சாய்க்கிறது. அந்த வட்டத்துக்குள் அதற்கு எளிதில் பலியாகாத இனங்களை வளரவிடுவதே வழி. ஊசியிலைக் காடு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹெட்டிரோபேசிடியான் என்ற வேரழுகல் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து புதிதாக அறுத்த அடிக்கட்டையில்தான் இறங்குகின்றன. அங்கிருந்து வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். அந்த நோய் உலவும் பகுதிகளில் அறுத்த சூட்டோடு கட்டையின் முகத்தில் யூரியா அல்லது போரேட் கரைசல் பூசுகிறார்கள்.

பட்டைவண்டு வேறு கதை. ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களைத் தின்னும் ஐப்ஸ் டைப்போகிராஃபஸ் என்ற வண்டு ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்த மரம் பிசினைப் பீய்ச்சி அதை மூழ்கடித்துவிடும். 2018 வறட்சியில் மத்திய ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் காடுகளுக்கு அந்தப் பிசின் ஊறவில்லை. அடுத்த சில வருடங்களில் மலை மலையாகக் காடுகள் பழுத்துச் செத்தன. ஒரே இனத்தை, அதுவும் அதற்கு ஒத்துவராத வெதுவெதுப்பான தாழ்நிலங்களில், நெருக்கி நட்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. பட்டை இடுக்கிலும் அடிமரத்தைச் சுற்றியும் மெல்லிய பழுப்புத் தூள் விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மரத்தை உள்ளிருக்கும் குஞ்சுகள் வண்டாகிப் பறப்பதற்குள் வெட்டி வெளியேற்ற வேண்டும், அல்லது பட்டையை உரிக்க வேண்டும். பட்டை உதிர்ந்து, வண்டு எப்போதோ பறந்துபோன காய்ந்த மரத்தை அவசரமாக வெட்டுவதில் ஒரு பயனும் இல்லை. ஆபத்து பக்கத்தில் பச்சையாக நிற்கும், தூள் கொட்டும் மரத்தில் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த நோய்களில்தான் உண்மையான கஷ்டம். அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களின் கருகல் நோயை 1904இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. அப்போது பலர் நோய் வருமுன் காசாக்கிவிடலாம் என்று நோயே இல்லாத மரங்களையும் சாய்த்தார்கள். அவற்றில் எத்தனை தாக்குப்பிடித்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்று ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைக் காயவைக்கும் பூஞ்சைக்கு வேறு அறிவுரை சொல்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் போலந்தில் கவனத்துக்கு வந்த நோய் அது. சுற்றிலும் எல்லாம் காய்ந்தபோதும் சில மரங்கள் பசுமையாக நிற்கின்றன. அப்படி நிற்கும் மரத்தை என்ன விலை கொடுத்தாலும் வெட்டாதீர்கள், அதன் விதைதான் அந்த இனத்தின் நாளை. உங்கள் காட்டிலும் நோய் வந்தால், எது செத்தது என்று குறிப்பதைவிட, எது சாகவில்லை என்று குறித்து வைப்பதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

இந்த நோய்கள் பயணிப்பது பெரும்பாலும் மனிதரோடு. ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. தானாகப் பறந்து அது வெகுதூரம் போவதில்லை. விறகுக்கட்டுக்குள் ஒளிந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனது. மேற்கு ஆஸ்திரேலியக் காடுகளில் ஃபைட்டாஃப்தோரா என்ற வேர்க்கொல்லி நடப்பவரின் காலணி மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் பரவுவதால், காட்டுப் பாதைகளின் முகப்பிலேயே காலணி கழுவ இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் காட்டுக்குள் வரும் இயந்திரம் முந்தின வேலையின் மண்ணோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள். வெளி விறகை உள்ளே கொண்டுவராதீர்கள்.

செத்த மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டைச் சுத்தமாக வைப்பது என்ற பெயரில் பட்ட மரத்தையும் விழுந்த கட்டையையும் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். ஃபின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் செத்த மரத்தை நம்பி இருப்பவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டைவண்டைப் பொறுக்கித் தின்னும் மரங்கொத்திக்கே பட்ட மரத்தில்தான் வீடு. பாதை ஓரத்திலும் கட்டடத்தின் அருகிலும் நிற்கும் பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும், ஆள் மேல் விழும். மற்றதெல்லாம் நிற்கட்டும், கிடக்கட்டும். பருமனானவை எவ்வளவு இருந்தாலும் நல்லது.

மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் தவறாக வெட்டியதைக்கூட ஒரு தலைமுறையில் சரிசெய்துவிடலாம், இறுகிய மண் அதற்கும் மேல் காலம் எடுக்கும். மரங்களின் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், முப்பது அறுபது செ.மீ ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. தலை விரிந்த அளவையும் தாண்டிப் பக்கவாட்டில் போகிறது. கனரக வண்டி ஒன்று ஓடினால், இறுக வேண்டிய இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடும். அதனால் வண்டி காடு முழுக்கப் பரவலாக ஓடுவதைவிட, சில தடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுவது மேல். தடங்களை நீங்களே முன்கூட்டிக் குறித்து, கழித்த கிளைகளை அதன் மேல் பாயாகப் பரப்பச் சொல்லுங்கள். மழை பெய்தால் வேலை நிற்க வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், தடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் மெல்லிய திரியாக உருண்டு வந்தால் அன்றைக்கு வண்டி வேண்டாம்.

தடம் திரும்பும் முனைகளில் நிற்கும் மரங்கள்தான் இழுத்து வரும் தடியில் இடிபட்டுப் பட்டை உரியும். அந்த முனைகளில் எப்படியும் வெட்டப்போகிற மரத்தை இடிதாங்கியாக விட்டுவைத்து, எல்லாம் முடிந்தபின் கடைசியாக எடுப்பார்கள் அனுபவமுள்ளவர்கள். மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை. அமெரிக்க மர நோயியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, அதன் மேல் புதிதாக வளர்கிறது. கெட்டது உள்ளேயே இருக்கும். ஆகவே காயம் படாமல் பார்ப்பதுதான் வைத்தியம். கிளை கழிக்கும்போதும் அடிமரத்தோடு ஒட்டச் சீவாமல், கிளை தொடங்கும் இடத்தில் இருக்கும் புடைப்புக்கு வெளியே வெட்டுங்கள். வெட்டு முகத்தில் பெயிண்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

ஓடை இருந்தால் இருகரையிலும் மரங்களை விட்டுவிடுங்கள், அதன் குறுக்கே தடி இழுக்க விடாதீர்கள். சரிவுப் பாதைகளில் வேலை முடிந்ததும் குறுக்குச் சாய்வாகச் சின்ன மண்மேடுகள் போட்டு மழைநீரைப் பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதையே ஓடையாகிவிடும்.

காட்டில் கன்றுகளே கண்ணில் படவில்லையா? நடுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஓரிடத்தில் மான், ஆடு, மாடு நுழையாதபடி வேலி போடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே கன்றுகள் எழுந்து, வெளியே வெறுமையாகவே இருந்தால் பிரச்சினை மேய்ச்சல். உள்ளேயும் எழாவிட்டால் வெளிச்சம் போதவில்லை, அல்லது தாய்மரம் இல்லை. தானாக முளைக்கும் இடத்தில் நாற்று வாங்கி நடுவது வீண்செலவு.

ஓரத்தில் ஏறும் புதர் வேற்றிடத்திலிருந்து வந்த இனமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். உள்ளூர்ப் புதர் என்றால் அது காட்டின் வேலி, வெயிலும் காற்றும் உள்ளே புகாமல் காப்பது அதுதான். வேற்றினம் என்றால் எல்லோரும் செய்வது அடர்த்தியான இடத்தில் இறங்கி அடியோடு பிடுங்குவது. சிட்னியில் 1960களில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் இதைத் தலைகீழாக்கினார்கள். காடு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழைந்த களையை மட்டும் எடுத்து, மண்ணைக் கிளறாமல், உள்ளூர்ச் செடிகள் அந்த இடத்தை நிரப்பும் வேகத்திலேயே மோசமான பகுதியை நோக்கி நகர்ந்தார்கள். பணமும் ஆளும் குறைவாக உள்ள சொந்தக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. அடர்த்தியான இடத்தை ஒரேயடியாக வெறுமையாக்கினால் அதே களையின் விதைதான் முதலில் முளைக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம் உண்டு. உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் நாலு மடங்கு தழையும்; தரைக்குச் சற்றுக் கீழே தண்டு வேராக மாறும் இடத்துக்கு அடியில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் மறுபடி துளிர்ப்பது அரிது. ஐலாந்தஸ் மரத்தையோ வெட்டினாலே வேர் நெடுகக் கன்று கிளம்பும். குணம் தெரியாமல் அரிவாளை எடுக்க வேண்டாம்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க வனத்துறை 1935இல், எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று விதி வைத்தது. சிறு தீயிலேயே பழகிய காடுகளில் பல பத்தாண்டுகள் சருகும் குச்சியும் சேர்ந்து, பின்னால் வந்த தீ உச்சி வரை ஏறியது. உங்கள் காடு எந்த வகை என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள். நீங்களாக எரிக்காதீர்கள். வெட்டிய கிளைக் குவியலை நிற்கும் மரத்தில் சாய்த்து வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

உறவினர் சொன்னதில் சரியான பாதி எது என்றால், காட்டின் ஒரு பகுதியைத் தொடாமலே விட வேண்டும். செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, சதுப்பு, மிகப் பழைய மரங்கள் நிற்கும் மூலை. இவற்றை வரைபடத்தில் கோடிட்டு, இங்கே வெட்டு இல்லை என்று எழுதிவிடுங்கள். தவறான பாதி, எல்லாக் காட்டையும் அப்படியே விடலாம் என்பது. மனிதர் வெட்டியோ நட்டோ உருவான நெருக்கத்தையும், மனிதர் கொண்டுவந்த களையையும் நோயையும் இயற்கை சரிசெய்யும்தான். ஆனால் அதற்குள் பல இனங்கள் அந்த இடத்தைவிட்டே போயிருக்கும். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 2020 மதிப்பீட்டில் உலகக் காடுகளில் ஏறத்தாழ 22 விழுக்காடு தனியாருடையது. உங்களைப் போன்றவர்கள் எடுக்கிற முடிவுகள் சின்ன விஷயம் இல்லை.

வருடம் முடிந்து, விற்கலாம் என்ற முடிவுக்கு வந்தால்: வெட்டு அனுமதி, பாதுகாக்கப்பட்ட இனங்கள், பறவைகள் கூடு கட்டும் காலம் பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதை முதலில் கேட்டறியுங்கள். வாங்குபவரிடம் சம்பளம் வாங்காத ஒரு வனவியலாளரை வைத்து, போகிற மரங்களுக்குக் குறி போடுங்கள். ஒரு குறி மார்பு உயரத்தில், இன்னொன்று தரையோடு ஒட்டி அடியில். வேலை முடிந்தபின் அடிக்கட்டையில் குறி இல்லாவிட்டால் அது திருட்டு வெட்டு என்று பார்த்தவுடனே தெரியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்: எந்தெந்த மரம், எந்தத் தடம், ஈரத்தில் வேலை நிறுத்தும் உரிமை யாருக்கு, குறியில்லாத மரத்தை வெட்டினாலோ காயப்படுத்தினாலோ எவ்வளவு அபராதம், பாதையைச் சீர்செய்து தருவது யார். ஒருவரிடம் மட்டும் விலை கேட்காமல் மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். இப்போது வந்திருக்கும் வியாபாரியையும் அழைக்கலாம். நீங்கள் குறி போட்ட மரங்களுக்கு அவர் என்ன விலை தருவார் என்று கேளுங்கள். சுற்றளவுக் கணக்குக்குத் திரும்பினால் அடுத்தவரைப் பாருங்கள்.